ஒரு தரம், இரண்டு தரம்

பெருந்துறை,
ஆனி மாதம்.

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரங்கள் ஆகின்றன. சங்ககிரிப் பக்கம், தவணை கட்டாததால் கடன் நிறுவனங்கள் பறித்த வண்டிகளை நிறுத்திவைக்கும் ஒரு யார்டில் நடக்கவிருந்த இயந்திர ஏலத்துக்குப் போய்வந்த பிறகே பதில் எழுதுவது என்று இருந்துவிட்டேன். போயும் வந்துவிட்டேன், ஒரு பழைய ஜேசிபி வண்டியை எடுத்தும் வந்துவிட்டேன். நீ ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி மத்தியப் பிரதேசத்தில் துளை போட்டுக்கொண்டிருந்த இருபது ஆண்டுகளில் இப்படிப்பட்ட ஏலங்களை எத்தனையோ பார்த்திருப்பாய். எனக்கு இந்த அறுபது வயதில் இதுதான் முதல் முறை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

சின்னவன் மூன்று ஆண்டுகளாக அடுத்தவர் வண்டியில் ஆபரேட்டராக இருக்கிறான் என்பது உனக்குத் தெரியும். இந்த ஆண்டு மஞ்சள் விற்ற பணம் கையில் இருந்தபோது, அதை மறுபடியும் மண்ணிலேயே போடாமல் மண்ணைத் தோண்டுகிற ஒன்றில் போட்டால் என்ன என்று அவன் கேட்டான். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்கு முன்னால், வரப்பு எடுக்கவும் பண்ணைக்குட்டை வெட்டவும் சொட்டுநீர்க் குழாய்க்குக் காட்டில் பள்ளம் பறிக்கவும் நம் பக்கத்தில் ஜேசிபிக்காக ஆட்கள் காத்துக் கிடப்பது உண்மைதான். (எந்தக் கம்பெனி செய்தது என்று நம்மூரில் யார் பார்க்கிறார்கள்? முன்னால் தொட்டியும் பின்னால் கையும் இருந்தால் அது ஜேசிபி, சங்கிலியில் ஊர்ந்தால் ஹிட்டாச்சி. அதையே என் அப்பா காலத்து ஆட்கள் பொக்லைன் என்பார்கள். முதலாவது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற இங்கிலாந்துக்காரருடைய பெயரின் முதலெழுத்துகள், கடைசியது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர் என்று சின்னவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.)

பார்வையிடும் நாள் ஏலத்துக்கு முந்தின நாளாக இருந்தது. "எஞ்சின் சத்தத்தில் மயங்காதே, மூட்டுகளில் இருக்கும் பின் என்ற ஆணியையும் அதைச் சுற்றிய புஷ் என்ற வளையத்தையும் பார், வண்டி சூடாவதற்கு முன்னால் போ" என்று நீ எழுதியிருந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு, நம்மூர் மெக்கானிக்கையும் சின்னவனையும் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கே வாசலில் போய் நின்றேன். காவலாளி எட்டு மணிக்குத்தான் உள்ளே விட்டார். உள்ளே போனதும் மெக்கானிக் முதலில் செய்த வேலை எஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்ததுதான். ஏற்கெனவே சூடாக இருந்தால், யாரோ காலையில் சிரமப்பட்டு ஸ்டார்ட் செய்து தயாராக வைத்திருக்கிறார்கள் என்று பொருளாம். வரிசையில் நின்ற நான்கு வண்டிகளில் இரண்டு அப்படிச் சூடாக இருந்தன.

மூன்றாவது வண்டியில்தான் எங்களுக்கு மனம் போயிற்று. அது 2016-ஆம் ஆண்டு வண்டி. வண்டி ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டரில் 6,212 இருந்தது. சாவி போட்ட முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தோம், புகை மெலிதாக வந்ததே தவிரக் குப்குப்பென்று தள்ளவில்லை. எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் எண்ணெய் கறுப்பாக இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் பால்காப்பி நிறத்தில் இருக்கும் என்றார் மெக்கானிக். பிறகு முன் தொட்டியை ஆள் உயரத்துக்குத் தூக்கி எஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் நின்றோம். அதைத் தாங்கும் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) சிலிண்டரில் கசிவு இருந்தால் தொட்டி தானாக இறங்கிவிடும், இதுவோ ஒரு சாணுக்கும் குறைவாகவே இறங்கியது. பின்கால்களை ஊன்றி, பின்கையை இடமும் வலமும் திருப்பியபோதுதான் அதை வண்டியோடு சேர்க்கும் கிங்போஸ்ட் என்ற மூட்டின் பின்னில் ஆட்டம் தெரிந்தது. சிலிண்டர் தண்டு ஒன்றில் நகம் சிக்கும் அளவுக்குக் கீறல் இருந்தது. இரண்டுக்கும் டயருக்கும் சேர்த்து 1,50,000 ரூபாய் செலவாகும் என்று மெக்கானிக் கணக்குச் சொன்னார். பக்கத்தில் நின்ற வண்டி பளபளவென்று புது மஞ்சள் சாயத்தில் மின்னியது. அவர் அதன் மூட்டுகளில் கிரீஸ் ஏற்றும் முனைகளான நிப்பிள்களைக் காட்டினார். அவற்றின் மேலும் சாயம் அடித்திருந்தார்கள். கிரீஸ் ஏற்றியே பல நாள் ஆன வண்டிக்கு முகப்பூச்சு எதற்கு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

சங்கிலி வண்டிகளும் ஐந்தாறு நின்றன. சங்கிலியும் அதைத் தாங்கும் ரோலரும் அதைச் சுற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் தேய்ந்திருந்தால் பராமரிப்புச் செலவில் பாதியை அவையே தின்றுவிடும் என்பதால் அந்தப் பக்கம் நாங்கள் அதிகம் நிற்கவில்லை.

அன்றிரவு நான் 11,50,000 ரூபாய் என்று ஒரு தொகையை முடிவு செய்து, சட்டைப்பையிலிருந்த பழைய மஞ்சள் எடைச்சீட்டின் பின்புறம் எழுதி வைத்தேன். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்று வீட்டாளிடமும் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை, நம் பக்கத்தில் விலை என்பது எப்போதும் மறைத்துச் சொல்லப்பட்ட ஒன்றுதான் என்பதை இந்த ஏலத்துக்குப் போன பிறகுதான் யோசித்தேன். கண்ணபுரம் சந்தையில் என் அப்பா காங்கேயம் காளை பிடித்தபோது, துண்டைப் போட்டு அதற்குள் தரகர் விரலைப் பிடித்ததையும், அப்பாவின் முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல் இருந்ததையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மஞ்சளுக்கோ வியாபாரிகள் விரலியை ஒடித்துப் பார்த்து, மனத்தில் பட்ட விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அடுத்தவர் என்ன எழுதினார் என்பது ஒருவருக்கும் தெரியாது. அந்த விலை நமக்குப் பிடிக்கவில்லை என்றால் மூட்டையைத் தராமல் இருந்துவிடலாம், எத்தனையோ முறை இருந்திருக்கிறோம். உரக்கக் கூவி விலை சொல்லும் இடத்தில் வாங்குகிறவனாக நான் நின்றது இதுவே முதல் தடவை.

காலையில் 25,000 ரூபாய் முன்வைப்புத் தொகை கட்டி, எண் எழுதிய ஓர் அட்டையைப் பெற்றுக்கொண்டேன். மூன்று பக்கம் நெருக்கி அச்சடித்த நிபந்தனைத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதில் எனக்குப் புரிந்தவை இரண்டே. வண்டி உள்ளது உள்ளபடியே, நிற்கும் இடத்திலேயே விற்கப்படுகிறது, பிறகு குறை சொல்லக்கூடாது என்பது ஒன்று. கேட்ட விலை கடன் கொடுத்த நிறுவனத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதைப் படித்தபோது மனம் என்னவோ போல் ஆயிற்று. தவணை கட்ட முடியாமல் வண்டியைப் பறிகொடுத்தவனுக்கு, இந்த விலைக்குத் தரமாட்டேன் என்று சொல்லும் உரிமை இல்லை. நாம் மஞ்சள் மண்டியில் வைத்திருக்கும் அந்த உரிமை இங்கே கடன் கொடுத்தவரிடம் போய்விட்டது.

ஏலக்காரர் இளைஞர், நல்ல வெண்கலக் குரல். நூறு பேருக்கு மேல் கூட்டம் இருந்தும் உண்மையில் கேட்டவர்கள் இருபது பேர்தான் இருப்பார்கள். நாமக்கல், சேலம் பக்கத்து வியாபாரிகள் ஒரு வேப்பமரத்தடியில் தனியாக நின்றார்கள். அவர்கள் அட்டையைக்கூடத் தூக்கவில்லை, புருவத்தைத் தூக்கினால் ஏலக்காரருக்குப் போதுமாக இருந்தது. எங்கள் வண்டி 9,00,000 ரூபாயில் தொடங்கியது. பத்தாயிரம் பத்தாயிரமாக ஏறி 10,50,000 வந்தபோது மரத்தடி அமைதியாகிவிட்டது. விற்று லாபம் பார்க்க வேண்டியவர்கள் அந்த இடத்தில் நின்றுவிட்டார்களே, ஓட்டிச் சம்பாதிக்க வேண்டிய நான் ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அதன் பிறகு நானும், இணையம் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரும்தான் மிஞ்சினோம். எந்த ஊர், என்ன வயது என்று ஒன்றும் தெரியாத அவர் திரையில் வெறும் எண்ணாக மட்டும் இருந்தார்.

நான் 11,40,000 கேட்டேன். திரையில் 11,50,000 வந்தது. என் சீட்டில் எழுதியிருந்த தொகையை அவர் கேட்டுவிட்டார்! என் தொகையில் நான் நிற்கவே இல்லையே, அவர் அல்லவா நிற்கிறார் என்று தோன்றியது. இதை எந்தக் கணக்கிலும் நான் எதிர்பார்க்கவில்லை. "ஒரு தரம்" என்றார் ஏலக்காரர், என்னைப் பார்த்து. ஒன்பது லட்சத்தில் பத்தாயிரம் எவ்வளவோ அதே பத்தாயிரம்தான் அங்கேயும், ஆனால் அந்த நேரத்தில் அது டீக்காசு போலத் தெரிந்தது. அட்டையைத் தூக்கினேன். திரை 11,70,000 என்றது. மறுபடியும் தூக்கினேன். சின்னவன் என் முழங்கையைப் பிடித்தான். "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று முடிந்து 11,80,000 ரூபாய்க்கு வண்டி என் பெயரில் நின்றது. சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிக்கவே இல்லை.

பொருளாதாரம் படிக்கும் பேத்தியிடம் இதைச் சொன்னபோது, அவள் சிரித்துவிட்டு இதற்கு 'வென்றவன் சாபம்' என்றே பெயர் இருப்பதாகச் சொன்னாள். கடலடி எண்ணெய் வயல்களுக்கு ஏலம் கேட்ட கம்பெனிகள் ஏன் எதிர்பார்த்த அளவு சம்பாதிக்கவில்லை என்று அமெரிக்கப் பொறியாளர்கள் மூன்று பேர் 1971-இல் எழுதினார்களாம். ஒரே பொருளைப் பத்துப் பேர் மதிப்பிட்டால் சிலர் கூடவும் சிலர் குறையவும் மதிப்பிடுவார்கள், ஏலமோ எல்லாரிலும் கூடுதலாக மதிப்பிட்டவனிடம்தான் போய்ச் சேரும் என்பது அவர்கள் கணக்கு. மரத்தடி ஆட்கள் இதை எந்தப் படிப்பும் இல்லாமல் தெரிந்து வைத்திருந்தார்கள்.

நான் கணக்கில் சேர்க்காமல் விட்டவை பிறகு ஒவ்வொன்றாக வந்தன. யார்டுக்கு 2 சதவீதக் கமிஷன் 23,600 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 4,248 ரூபாய், காலாவதியான காப்பீடு, ஆர்சி என்ற பதிவுச் சான்றில் பெயர்மாற்றம் என்று ஒரு லட்சத்தை நெருங்கிவிட்டது. ஒப்புதல் வர நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும், வராமல் போனால் நல்லது என்று பாதி மனமும், வந்துவிட வேண்டும் என்று பாதி மனமுமாக இருந்தேன்.

பணம் கட்டிய மறுநாள் சின்னவனே பள்ளிபாளையம் வழியாகக் காவிரிப் பாலம் தாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். நான் பின்னாலேயே மொபெட்டில் வந்தேன். வீட்டில் வைத்து ஹைட்ராலிக் ஃபில்டரைக் கழற்றியபோது, அதை முன்பு மாட்டிய யாரோ அதுவரை வண்டி ஓடிய மணிநேரத்தை மார்க்கரால் 8,940 என்று எழுதியிருந்தது தெரிந்தது. மீட்டரில் நாங்கள் பார்த்ததோ 6,212. கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் படித்துப் பார்த்தேன்: உள்ளது உள்ளபடியே. அதிகம் ஓடிய வண்டியைப் போலப் பிரேக் பெடலின் ரப்பர் மழுமழுவென்று தேய்ந்திருந்ததை அன்று நாங்கள் மூவருமே பார்த்தோம், ஆனால் பார்த்ததைச் சேர்த்து யோசிக்கவில்லை.

ஆனாலும் வண்டி வேலை செய்கிறது. கிங்போஸ்ட் பின்னும் புஷ்ஷும் மாற்றிவிட்டோம், கீறல் விழுந்த தண்டுக்குக் குரோம் பூசக் கோவைக்கு அனுப்பியிருக்கிறோம். அது திரும்பும் வரை அந்தச் சிலிண்டருக்குச் சின்னவன் வேறொன்றைக் கடனாக வாங்கிப் பொருத்தி, கடந்த பத்து நாளில் 40 மணி நேரம் ஓட்டிவிட்டான். மணிக்கு ஐந்து லிட்டர் அளவில் டீசல் பிடிக்கிறது. இது அதிகமா, இந்த வயசு வண்டிக்கு இவ்வளவுதானா என்று நீதான் சொல்ல வேண்டும்.

முன் கண்ணாடியின் மேல்பக்கத்தில் பழைய உரிமையாளரின் குலதெய்வத்தின் பெயரும், அதற்குக் கீழே இரண்டு குழந்தைகளின் பெயர்களும் ஒட்டியிருக்கின்றன. சுரண்டி எடுத்துவிட்டு நம் பேத்தி பேரன் பெயரைப் போடலாம் என்று ஸ்டிக்கர் கடைக்காரர் வந்தார். சாமி பெயர் எல்லார்க்கும் பொது, அது இருக்கட்டும் என்று வீட்டாள் சொல்லிவிட்டாள். குழந்தைகளின் பெயர்களைப் பற்றி அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைக்காரர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆடிப் பதினெட்டுக்கு நீ பவானிக்கு வருவதாக எழுதியிருந்தாய். அப்படியே ஒரு நாள் இங்கும் தங்கிவிட்டுப் போ. ஹைட்ராலிக் பம்பின் அழுத்தத்தை அளக்கும் கேஜ் உன்னிடம் இருந்தால் மறக்காமல் பையில் போட்டுக்கொண்டு வா.

உன் மச்சான்