பதினேழாவது போட்டோ

பாப்பா,

லண்டன் டேட் பிரிட்டன் ஓவிய மியூசியத்துல எடுத்து நீ அனுப்பின போட்டோ நாப்பதையும் பாத்துட்டேன். போன்ல கேட்டப்ப "அந்த இங்கிலாந்து ஓவியர் டர்னர் படமெல்லாம் ஒரே மூட்டமா இருந்துச்சுப்பா, எது எதுன்னே ஞாபகமில்ல"ன்னு சொன்னியே, ரெண்டு நாளா அதே நெனப்பாவே இருக்கு, அதான் எழுத உக்காந்துட்டேன். அதுல பதினேழாவது போட்டோவ திரும்ப எடுத்துப் பாரு. பனிப்புயல்ல சிக்கின ஒரு ஸ்டீமர், அதாவது நீராவிக் கப்பல், டர்னர் 1842-ல வரைஞ்சது. அப்ப பத்திரிகைக்காரங்க இத சோப்பு நுரையும் சுண்ணாம்புத் தண்ணியும்னு திட்டினாங்களாம், மனுஷன் ரொம்ப நொந்து போயிட்டாராம். அதனால உனக்கு மூட்டமா தெரிஞ்சதுல தப்பே இல்லம்மா.

அடுத்த வருசமே ஒரு பையன், 24 வயசு, பேரு கூட போடாம 'ஆக்ஸ்ஃபோர்ட் பட்டதாரி'ன்னு மட்டும் போட்டு 'மாடர்ன் பெயிண்டர்ஸ்'னு ஒரு புக் போட்டான். அவர்தான் ஜான் ரஸ்கின். டர்னர் இயற்கைய அப்படியே வரையுறாரு, நீங்கதான் மேகத்தையும் தண்ணியையும் ஒழுங்கா பாத்ததே இல்லன்னு சண்டைக்கு நின்னாரு. ஆரம்பிச்சது நிக்காம அஞ்சு வால்யூம் ஆகி 1860-லதான் முடிஞ்சுது. ஆனா அவருக்கே பாக்கத் தெரிஞ்சது அந்த 1842-லதான். லண்டன் பக்கம் நார்வுட் போற வழியில ஒரு முள்ளுச்செடி தண்டுல ஐவிக் கொடி சுத்தியிருந்துச்சாம், சும்மா பென்சில்ல வரைஞ்சு முடிச்சதும்தான் இத்தன நாளா எதையும் உள்ளபடி வரையவே இல்லன்னு புரிஞ்சுதாம். நான் முப்பது வருசம் டிராயிங் மாஸ்டரா இருந்தேன், அந்த எடத்த படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்.

1854-லேர்ந்து லண்டன்ல தொழிலாளிங்க காலேஜ்ல, பகலெல்லாம் ஒழைச்சுட்டு வரவங்களுக்கு ராத்திரியில டிராயிங் சொல்லிக் குடுத்தாரு. அவங்கள ஓவியனாக்க இல்ல, பாக்க வைக்கத்தான். ரோட்டுல கெடக்குற ஒரு கல்ல எடுத்து வரை, அத சரியா வரைஞ்சுட்டா மத்ததெல்லாம் தானா வரும்பாரு. இன்னொண்ணு சொல்லுவாரு பாரு, அததான் நான் எல்லா பேட்ச் பசங்களுக்கும் சொன்னேன். வெயில் பட்ட புல்லு பச்சையா இருக்காது, தூசி படிஞ்ச மஞ்சளா இருக்கும், ஆனா புல்லுன்னா பச்சைன்னு நமக்குத் தெரியும்ல, அந்தத் தெரிஞ்சது வந்து கண்ண மறைச்சுடுது. கண்ணு தெரியாதவனுக்கு திடீர்னு பார்வை வந்தா எப்படிப் பாப்பானோ அப்படிப் பாருங்கன்னு சொல்றாரு.

இவ்வளவு சொன்ன மனுஷனுக்கும் மறைச்சுது, பாப்பா. டர்னரோட அடிமைக் கப்பல் படம் ஒண்ணு இருக்கு. கப்பல்லேர்ந்து செத்துப்போன அடிமைகளையும் சாகக் கெடக்குற அடிமைகளையும் கடல்ல தூக்கிப் போடுறானுங்க, தண்ணிக்கு மேல சங்கிலி போட்ட ஒரு காலு தெரியுது. ரஸ்கின் அப்பா அத வாங்கி 1844 புது வருசத்துக்கு மகனுக்குக் குடுத்தாரு. டர்னர் பேரு நெலைக்க ஒரே ஒரு படம்தான்னா இததான் சொல்லுவேன்னு ரஸ்கின் எழுதினாரு, அலை, செவப்பு வெளிச்சம், வானம்னு பக்கம் நெறைய, படிச்சா நம்ம மேலயே தண்ணி அடிக்கும். ஆனா அது அடிமைக் கப்பல்ங்கிற விஷயம் அடிக்குறிப்புல போயிடுச்சு. அந்தப் படம் இப்ப பாஸ்டன்ல இருக்கு. எனக்கு அவர் மேல எவ்வளவு மரியாதை இருந்தாலும் அந்த அடிக்குறிப்ப என்னால தாண்ட முடியல. அவ்வளவு அழகா ஒருத்தர் சொல்லிட்டா படிக்கிறவனும் தண்ணியத்தான் பாப்பான், கால பாக்க மாட்டான்.

நம்ம ஊரு விஷயத்துலயும் இதேதான் நடந்துச்சு. 1857 கலவரம் முடியாத சமயம், 1858 ஜனவரியில, இந்தியக் கலை இயற்கைய வரையாது, மனுஷன வரையச் சொன்னா எட்டுக் கை பூதம் வரையும், பூ வரையாது, சுருளும் ஜிக்ஜாக் கோடும்தான்னு மேடையில பேசினாரு. இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்ல. உன்ன அஞ்சாவது படிக்கும்போது மாமல்லபுரம் கூட்டிட்டுப் போனேனே, அந்தப் பெரிய பாறையில கீழ ஒரு மானு பின்னங்காலத் தூக்கி மூக்கச் சொறிஞ்சுக்குமே, நீ அந்த எடத்தவிட்டு வரவே மாட்டேன்னு அடம் புடிச்ச. அத செதுக்கினவன் எத்தன நாளு மானு பக்கத்துல உக்காந்து பாத்திருப்பான். ரஸ்கின் அந்த மானு முன்னாடி நின்னிருந்தா அப்படி பேசியிருக்கவே மாட்டாருன்னு நான் நம்புறேன்.

அதனால அவர படி, கண்டிப்பா படி, ஆனா படத்த மொதல்ல பாத்துட்டு அப்புறம் படி. லீவு நாள்ல இன்னொரு தடவ போ, அங்க உள்ள போக காசு கெடையாதுன்னு நீதான் சொன்ன. நாப்பது வேணாம், அந்த ஸ்டீமர் படம் ஒண்ணு முன்னாடி அரை மணி நேரம் நில்லு, பக்கத்துல ஒட்டியிருக்கிற அட்டைய படிக்காத, போன பைக்குள்ள வெச்சுடு. ஒரு நோட்டும் பென்சிலும் போதும், நல்லா வரணும்னு இல்ல. நான் இங்க தெருவுலேர்ந்து ஒரு ஜல்லிக்கல்ல எடுத்து வெச்சு நாலு நாளா வரையுறேன், இன்னும் அந்த நெழல் பக்கம் புடிபடல.

அந்தக் கப்பல் புகை எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்து எழுது. போட்டோவுல எனக்குத் தெரியல.

அப்பா