பழைய போஸ்டர்களை மறுஅச்சிட்டு விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்களில் ஒருவரிடம் (பெயர் வேண்டாம், விடுங்கள்) போன மாதம் 'விசிட் பாலஸ்தீன்' போஸ்டர் வாங்கினேன். ஒலிவ மலைப் பக்கமிருந்து தெரியும் பழைய ஜெருசலேம், நடுவில் முஸ்லிம்களின் புனிதத் தலமான பாறைக் குவிமாடம், முன்னால் ஒரு மரம். அச்சில் குறையே சொல்ல முடியாது. ஆனால் எனக்கு வந்த பிரதியில் வரைந்தவர் பெயரும் இல்லை, வருடமும் இல்லை. கேட்டதற்கு, "விண்டேஜ் டிசைன் சார், ஹாலில் மாட்டினால் எடுப்பா இருக்கும்" என்றார்.

எடுப்பாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்த நண்பர் பார்த்துவிட்டு, "பாலஸ்தீன ஆதரவா, நல்லது" என்றார். இது யூதர்களுக்கு அங்கே ஒரு தாயகம் வேண்டும் என்ற சியோனிய இயக்கம் சார்ந்த ஒரு சுற்றுலா வளர்ச்சி அமைப்புக்காக வரையப்பட்டது என்று நான் சொன்னபோது அவர் நம்பவே இல்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. 1936இல் இதை வரைந்த பிரான்ஸ் கிராவுஸ், ஆஸ்திரியாவில் பிறந்த யூதர். ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சியைப் பிடித்த அடுத்த வருடம், 1934இல், பாலஸ்தீனில் குடியேறினார். அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் அந்த மண்ணின் அதிகாரப்பூர்வப் பெயரே பாலஸ்தீன்தான், யூதர்கள் நடத்திய ஆங்கில நாளிதழ்கூட 'பாலஸ்தீன் போஸ்ட்'தான். அந்தக் காலத் தபால்தலைகளில் ஆங்கிலம், அரபு, எபிரேயம் மூன்றும் இருக்கும். எபிரேயத்தில் மட்டும் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன எழுத்துகள், 'இஸ்ரேல் தேசம்' என்பதன் சுருக்கம். ஒரு மக்களின் கனவு அடைப்புக்குறிக்குள் காத்திருந்தது.

1901இல் சுவிட்சர்லாந்தின் பாசெலில் நடந்த ஐந்தாம் சியோனிய மாநாட்டுக்கு யூத ஓவியர் எஃப்ராயிம் மோசஸ் லிலியன் வரைந்த படத்தில் இந்த ஒளிவுமறைவு கிடையாது: முள்ளுக்குள் குனிந்து உட்கார்ந்திருக்கும் கிழவர், தூரத்தைச் சுட்டிக்காட்டும் தேவதை, அங்கே எழும் சூரியன், ஏர் ஓட்டும் உழவன். கிராவுஸ் படத்தில் உழவனும் இல்லை, கிழவனும் இல்லை, ஒரு ஆள்கூட இல்லை. அதே 1936 ஏப்ரலில்தான் பிரிட்டிஷ் ஆட்சியையும் யூதக் குடியேற்றத்தையும் எதிர்த்து அங்கே அரபு மக்களின் பொது வேலைநிறுத்தம் தொடங்கி ஆறு மாதம் நீடித்தது. ஆளில்லாத அந்த நகரத்தை நான் அழகு என்று மட்டும் பார்த்து நகர முடியவில்லை. (பயணிக்கு ஊர்தான் வேண்டும், ஊர்க்காரர் வேண்டாம் என்பது எல்லா நாட்டுச் சுற்றுலா போஸ்டரிலும் உண்டு என்பீர்கள். உண்மைதான்.)

அப்புறம் கதை திரும்பியது. 1995இல் இஸ்ரேலிய வடிவமைப்பாளர் டேவிட் டார்ட்டகோவர், கிராவுஸின் அனுமதியோடு இதை மறுஅச்சிட்டார். பாலஸ்தீனர்கள் அதை எடுத்துத் தங்கள் சுவரில் மாட்டினார்கள், 'எங்கள் நாடு இருந்தது, பெயரோடு இருந்தது' என்பதற்குச் சாட்சியாக. பிற்பாடு ஒரு பாலஸ்தீனக் கலைஞர் அதே காட்சியை மறைத்து நிற்கும், இஸ்ரேல் எழுப்பிய கான்கிரீட் பிரிப்புச் சுவரையும் சேர்த்து வரைந்தார். இத்தனையும் ஏறிய தாளை வெறும் 'விண்டேஜ்' என்று விற்பது, வியாபாரமாகப் பார்த்தாலும் நஷ்டம்தானே?

யார் பக்கம் நிற்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. வரைந்தவர், வருடம், வரையச் சொன்னவர், இந்த மூன்றையும் சின்ன எழுத்தில் அச்சிடுங்கள். கீழே வெள்ளை ஓரம் ஒரு விரல் அகலத்துக்குச் சும்மா கிடக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.