மண் சரியும் முன் கதவைத் தட்டியவர்களுக்கு

அன்புடையீர்,

பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பணிய லயத்து மக்கள், அதாவது கீழ்ப்பக்கத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். அங்கே வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளை விடும் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள் நான். தோட்டத்தின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. உதவிக்கு வந்தவர்களுக்கு அது தெரியும். வீடு கட்டக் காணி கேட்டு நடக்கும் பேச்சு முடியும் வரைக்கும் மற்றவர்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்று எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்தோம்.

நன்றி மடல் என்றால் அரிசி, பருப்பு தந்தவர்களில் தொடங்குவதுதான் வழக்கம். அவர்களிடமும் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் 27ஆம் திகதி இரவு, டித்வா புயல் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, மலை சரிவதற்கு முன்னாலேயே எங்களை லயத்தை விட்டு இறக்கியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் படம் எந்தப் பேஸ்புக்கிலும் வரவில்லை. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, படம் எடுக்க யாருக்கும் கை ஓயவும் இல்லை. முதல் கும்பிடு அவர்களுக்கு.

லயத்துக் கடைசி வீடான தொங்கல் காம்பராத் தங்கச்சி அந்த நேரம் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். பரீட்சையை ஒத்திவைத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு மழைப்போத்தலே கதி என்று உட்கார்ந்துவிட்டாள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு ஆபத்துள்ள இடங்களில் வீட்டுக்காரர்களிடம் சின்ன மழைமானி கொடுத்துப் பழக்கியிருக்கிறது. அதைத்தான் நாங்கள் மழைப்போத்தல் என்போம். கணக்கு சுலபம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இரு, 100 என்றால் மூட்டையைக் கட்டு. 150 ஆனாலும் சரி, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலும் சரி, எழுந்து போ. அவள் மணிக்கொரு தரம் டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு போய்ப் பார்த்து, அடுப்படிக் கதவில் சோக்கட்டியால் எழுதி வைத்தாள். மத்தியானமே 100 தாண்டியது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு 150. இடையில் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் குந்தியிருந்த பெரியவர்கள் சிலர், "பாப்பா பயந்திருச்சு" என்று சிரித்தார்கள். அவர்களும் இந்த மடலை வாசிப்பார்கள், வாசிக்கட்டும்.

எச்சரிக்கைகள் அன்று எங்கள் போனுக்கு வந்தது பெரும்பாலும் சிங்களத்தில்தான். அனுப்பிய இடத்தோடு சண்டை போட இது இடமில்லை. பண்டாரவளையில் கடையில் வேலை செய்யும் எங்கள் லயத்துத் தம்பி ஒருவன் வந்ததையெல்லாம் கேட்டு, தமிழில் வொயிஸ் கட்டாகப் பேசி அனுப்பிக்கொண்டே இருந்தான். எழுதி அனுப்பியிருந்தால் பாதிப் பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. கண் தெரியாத அப்பாயிமார்கூட அவன் குரலைக் கேட்டார்கள். டவர் போகும் வரைக்கும் அந்தக் குரல் வந்தது. தம்பி, நீ பேசியது எல்லோர் காதிலும் விழுந்தது.

அடுத்து எங்கள் பழைய கங்காணி ஐயா. பென்சன் எடுத்தும் மலையைப் பார்க்கிற பழக்கம் போகாதவர். அவ்வளவு மழையிலும், மலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் தண்ணீர் நின்றுபோனதைக் கவனித்தது அவர் ஒருவர்தான். மழை கொட்டும்போது பீலி வற்றினால் தண்ணீர் உள்ளுக்குள்ளே வேறு வழி எடுத்துவிட்டது என்று அர்த்தம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மகனோடு மேலே ஏறினார். தேயிலைக்கு நடுவே கால் பாதம் இறங்குகிற அகலத்துக்கு வெடிப்பு. மலைச்சரிவில் கான், அதாவது வடிகால், வெட்டி வாரிக்கொண்டிருந்த காலத்தில் மழைத்தண்ணீர் மலையைச் சுற்றி ஓடி வடிந்துவிடும்; ஆள் குறைந்து கான் தூர்ந்துபோனால் அது மண்ணுக்குள் இறங்கும், அடியில் பாறை தட்டுகிற இடத்தில் தேங்கும், பிறகு மேல்மண்ணைப் பெயர்த்துவிடும். இதை ஐயா வருஷக்கணக்காக, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டிலும் கல்யாண வீட்டிலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அன்று இறங்கி வந்தவர் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. "வெடிச்சிருச்சு. கெளம்புங்க" என்றார், அவ்வளவுதான்.

அப்போதும் பாதிப் பேர் அசையவில்லை. இதற்கு முன்னும் மழைக்குப் பாடசாலைக்குப் போய் இருந்துவிட்டு, மழை விட்டதும் அதே லயத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் நாங்கள். போகிற ஒவ்வொரு தரமும் கோழி களவு போகும், கேஸ் சிலிண்டர் களவு போகும். சலிப்பு வராதா?

அவர்களை எழுப்பியது மீரியபெத்தையில் இருந்து எங்கள் லயத்துக்கு வாழ வந்த அக்கா. கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் அந்தத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை என்ன நடந்தது என்று மலையகத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பெரட்டுக்கும் பாடசாலைக்கும் போயிருந்தவர்கள் தப்பினார்கள். லயத்தில் இருந்தவர்கள் மண்ணோடு போனார்கள். பாடசாலையில் இருந்து வந்த பிள்ளைகளுக்கு வீடு இருந்த இடம்கூட அடையாளம் தெரியவில்லை. அக்கா சொந்தத்தில் பலரை அந்த மண்ணுக்குக் கொடுத்தவர். வழக்கமாக அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அன்று ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே ஒரு வரி சொன்னார்: "மீரியபெத்தையில எங்களுக்கும் சொன்னாங்க." சொல்லிவிட்டு அடுத்த காம்பராவுக்குப் போனார். கதவுகள் திறந்தன.

சொன்னார்கள் என்பது உண்மை. 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்து என்று அறிவிக்கப்பட்டிருந்தது. 'சொல்லியும் எழும்பவில்லையே' என்று கொழும்பில் இருந்து அப்போது எழுதியவர்கள் உண்டு. எழும்பி எங்கே போவது என்பதற்கு அவர்களிடம் பதில் இருக்கவில்லை. காணி இல்லாதவனிடம் 'போ' என்பது பாதி வசனம்தான். 1986 ஜனவரி மழையில் எங்கள் மாவட்டத்து மலைகள் சரிந்த பிறகு, தொண்ணூறுகளில் மண்சரிவு வரைபடம் போடத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டது பதுளையையும் நுவரெலியாவையும்தான். வரைபடம் வந்தது, ஆபத்தைக் காட்டும் சிவப்பு நிறத்துக்குள்ளேயே லயங்களும் இருந்தன. 2023 மார்ச் 19 இரவு பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் வந்து லயங்களை மூடியபோது உயிர் போகவில்லை என்று நிம்மதிப்பட்டோம். வீடு போனவர்கள் தேயிலைத் தொழிற்சாலைக்குள் படங்கு கட்டிப் பிரித்துக்கொண்டு இருந்ததைப் போய்ப் பார்த்தோம். மீரியபெத்தை ஆட்களும் புது வீடு கிடைக்கும் வரை இருந்தது ஒரு தேயிலைத் தொழிற்சாலையில்தான்.

ஆகவே எங்களுடைய பெரிய நன்றி, 'வா' என்று மறுபாதியைச் சொன்னவர்களுக்கு. கீழே இருக்கும் சிங்களக் கிராமத்துக்கு. நாங்கள் கையில் பிள்ளையும் தலையில் மூட்டையுமாக இருட்டில் இறங்கி வருவதைப் பார்த்துவிட்டு யாரோ விகாரை மணியை அடித்தார்கள். கிராமத்துப் பையன்கள் கத்தி, மண்வெட்டியோடு ஏறி வந்து, பாதையில் விழுந்து கிடந்த மரத்தை வெட்டித் தள்ளினார்கள். விகாரையின் தர்மசாலை மண்டப வாசலில் சேற்றுக் காலோடு நாங்கள் செருப்பைக் கழற்றத் தடுமாறியபோது விகாரையின் பிக்கு, பெரிய ஹாமதுரு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "பரவால்ல, செருப்போட வாங்க. மழ." அந்தத் தரையை மறுநாள் கிராமத்துப் பெண்கள்தான் கழுவினார்கள், எங்களைத் தொட விடவில்லை. விடியற்காலை பாணும் பருப்பும் கொச்சிக்காய்ச் சம்பலும் வந்தது. அவர்களுக்கும் கடைக்குப் போகப் பாதை கிடையாது. வீட்டில் இருந்ததைத்தான் கொண்டுவந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.

மிட்வைஃப் மிஸ்ஸுக்குத் தனியாக ஒரு வணக்கம். நிறைமாதக்காரி ஒருத்தி எங்களோடு இருந்தாள். கம்பளியை இரண்டு கம்பில் கட்டி, அதில் அவளைப் படுக்க வைத்து, நான்கு பேர் தூக்க, மிஸ் ஒரு கையால் குடையும் மறு கையால் அவள் கையும் பிடித்துக்கொண்டு, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்பியுலன்ஸ் வரக்கூடிய திருப்பம் வரை நடந்தார். குடை அவளுக்குத்தான், மிஸ் முழுக்க நனைந்தார். பெண் குழந்தை. பெயர் வைத்தாயிற்று, புயல் பெயர் வைக்கச் சொன்ன கேலிக்காரர்களுக்கு நன்றி கிடையாது.

மாட்டை விட்டு வர மாட்டேன் என்று கொட்டிலிலேயே உட்கார்ந்துவிட்ட தாத்தாவையும், அந்த மாட்டையும், இரண்டையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு வந்த வாட்சர் அண்ணனுக்கும் நன்றி. எது அதிகம் முரண்டு பிடித்தது என்று அவர் இன்னும் சொல்ல மறுக்கிறார்.

மண் வந்தது விடியும் முன். பெரிய லொறி ஒன்று கல் கொட்டுகிற மாதிரி சத்தம், நெடுநேரம். காலையில் பார்த்தபோது எங்கள் லயத்தில் ஒரு பக்கத்துச் சுவர் மட்டும் நின்றது. நாங்கள் எல்லோரும் இருந்தோம். அந்த மழையில் நாடு முழுக்க 600க்கு மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள், அதிலும் கண்டி, பதுளை, நுவரெலியா மலைகளில்தான் கூடுதல். எங்களுக்குத் தெரிந்த தோட்டங்களிலும் சாவு விழுந்தது. அதனால் தப்பித்தோம் என்று சத்தமாகச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

இனி, பிறகு வந்தவர்கள். பாதை திறக்காத நாட்களில் சோற்றுப் பார்சலைத் தோளில் சுமந்து நடந்தே வந்த பள்ளிவாசல் இளைஞர்களே, பார்சலில் மாட்டிறைச்சி இல்லை என்று நீங்களாகவே முதலில் சொன்னதை எங்கள் அப்பாயி இன்னும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார். மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் ஓட்டிய தம்பி, மேலிருந்து கல் உருண்டுகொண்டிருந்தபோதும் நீங்கள் வேலையை நிறுத்தவில்லை. கம்பி இழுத்த மின்சார சபை ஊழியர்களுக்கும், மண் வாரிய இராணுவத்தினருக்கும், தன் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்த நிலையில் பெயர்ப் பட்டியலைச் சரியாக எடுத்த கிராம உத்தியோகத்தருக்கும் நன்றி.

மட்டக்களப்பில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் வந்த பிள்ளைகளை மறக்க முடியாது. சுனாமியையும் யுத்தத்தையும் கண்ட ஊர்க்காரர்களுக்கு முகாமில் என்ன தேவை என்று யாரும் பட்டியல் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற எல்லா லொறியிலும் பருப்பும் நூடில்ஸும் இருந்தபோது உங்கள் வேனில் உள்ளாடைகள், சானிட்டரி நெப்கின், நகவெட்டி, கைவிளக்கு, பூட்டும் சாவியும் இருந்தன. பூட்டு! முகாமில் ஒரு பெட்டியைப் பூட்டி வைக்க முடிவது என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பதுளையில் இருந்து வந்த ஆசிரியைகள் இருவர் பரீட்சைப் பிள்ளைகளை மட்டும் தனியாகக் கூட்டிப்போய் உட்கார வைத்துப் படிப்பித்தார்கள். சோக்கட்டிக்காரியும் மீதிப் பாடங்களை எழுதி முடித்தாள்.

பத்துக் கிலோ அரிசிக்கு இருபது பேர் கை வைத்துப் போட்டோ எடுத்தவர்களுக்கும் நன்றிதான். அரிசி நல்ல அரிசி. ஆனால் வரிசையில் நின்ற குமர்ப்பிள்ளைகளின் முகத்தை அழித்துவிட்டுப் போட்டிருக்கலாம். இப்போதாவது அந்தப் படங்களை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். பட்டுச்சேலைகள் அனுப்பியவர்களுக்கும் ஒரு வார்த்தை: மண்வெட்டி பிடிக்க அவை தோதுப்படவில்லை, பிள்ளைகளுக்குத் தொட்டிலாகக் கட்டியிருக்கிறோம்.

இப்போது தற்காலிகக் கொட்டில்களில் இருக்கிறோம். சரிந்த இடத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லி ஒரு பக்கத்தில் இருந்து பேச்சு வருகிறது. போக மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறோம். காணி உறுதி கையில் இருந்தால்தான் எங்கள் வீட்டை எங்கே கட்டுவது என்று நாங்கள் பேச முடியும். இந்த வேலையில் எங்களுக்காகக் காசு வாங்காமல் கடிதம் எழுதித் தரும் சட்டத்தரணிக்கு, வேலை முடிந்த பிறகு பெயர் போட்டு ஒரு மடல் எழுதுவோம்.

கடைசியாக ஓர் அறிவித்தல். உதவிக்கு வந்தவர்கள் விட்டுப்போன பொருட்கள் சில எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன: அடியில் 'எம்.எஸ்.' என்று வெட்டியிருக்கும் பெரிய அலுமினிய அண்டா ஒன்று, மூடி இல்லாமல்; நீல நிற ரெயின்கோட் ஒன்று, அதன் பையில் மோட்டார் சைக்கிள் சாவி; கறுப்புக் கண்ணாடி ஒன்று, பவர் உள்ளது; இடது கால் கம்பூட்ஸ் இரண்டு. உரியவர்கள் கோயிலடிக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். அண்டாக்காரர் அவசரமில்லை என்றால் மாசி மாதத் திருவிழா அன்னதானம் வரைக்கும் வைத்துக்கொள்கிறோம். சாப்பிட வாருங்கள், திரும்பும்போது கொண்டுபோகலாம்.

இப்படிக்கு,
பணிய லயத்து மக்கள் சார்பில்,
பிள்ளைக்காம்பரா அக்கா