தூணில் இல்லாத பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, யாங்கோன் அருகே உள்ள தவுக்யான் போர்க் கல்லறை பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. 6,374 கல்லறைகளையும், உடல் கிடைக்காத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களைத் தாங்கி நிற்கும் தூண்களையும் எழுதியவர் கண்முன் கொண்டுவந்துவிட்டார். பிரிட்டிஷ் இந்தியப் படையின் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் இருந்த நம் பையன்களின் பெயர்களை அவர் தேடித் தேடிப் படித்ததற்கு நன்றி. ஆனால் முடிவில், பர்மாப் போரில் மாண்ட தமிழர்கள் எல்லோருக்கும் இங்கே இடம் இருக்கிறது என்று எழுதிவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அங்கே இடம் பிரிட்டிஷ் தரப்பில் நின்றவர்களுக்கு. நேதாஜியின் இந்திய தேசியப் படையில் (ஐ.என்.ஏ.) சேர்ந்து இதே மண்ணில் செத்தவர்களுக்கு ஒரு தூணிலும் ஓர் எழுத்துக் கிடையாது. என் தாய்மாமன் அவர்களில் ஒருவர்.

பெகுவுக்குப் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். பிரம்புப் பந்தைக் காலால் தட்டி ஆடும் சின்லோன் ஆட்டத்தில் கெட்டிக்காரர். பர்மியப் பையன்கள் வாசலுக்கே வந்து கூப்பிட்டுக்கொண்டு போவார்களாம். நாப்பி என்கிற பர்மிய மீன் விழுது இல்லாமல் சோறு இறங்காது, அதற்காகப் பாட்டியிடம் தினமும் வசவு. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வர, ஊர் ஊராக நம்மவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்கு நடந்தபோது, படுத்த படுக்கையாகக் கிடந்த தாத்தாவை விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. 1944 ஜனவரியில் நேதாஜி தம் தலைமையகத்தை ரங்கூனுக்குக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு மழைக்கு முன்பே மாமா ரங்கூனுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டார். வயது 18. வீரம் பாதி, மில் மூடிக் கிடந்தது பாதி என்பார் என் அம்மா. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுளிக்கிறது. வேலையில்லாதவனுக்கு நாட்டுப்பற்று வரக்கூடாதா என்ன?

அவருடைய மில் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முன்பக்கம் முழுவதும் நெல் மூட்டை. பின்னாலிருந்து திருப்பினால், பயிற்சி முகாமில் கற்ற இந்துஸ்தானிக் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் வரிசையாக எழுதிவைத்திருக்கிறார்: சாவ்தான், நேராக நில், தாய்னே முட், வலப்பக்கம் திரும்பு. அதற்குக் கீழேயே யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற பட்டியல். டீக்கடைக்காரர், சலவைக்காரர், செருப்புத் தைத்தவர். டீக்கடைக் கணக்கு மட்டும் அடிக்கப்பட்டிருக்கிறது. முகாமிலிருந்து கடைசியாக வீட்டுக்கு வந்தபோது நோட்டை அம்மாவிடம் கொடுத்து, மற்ற இரண்டையும் தீர்த்துவிடச் சொன்னாராம்.

1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை ஞாங்ஊ அருகே ஐராவதியைக் கடந்தது. தடுக்க நின்ற ஐ.என்.ஏ.காரர்கள் பின்வாங்கிப் பொப்பா மலைப் பக்கம் வந்தார்கள். எதிரியிடம் டாங்கியும் விமானமும். இவர்களிடம் துப்பாக்கியும் பட்டினியும் மலேரியாவும். மாமா காய்ச்சலில் விழுந்தார் என்றும், சௌபடவுங் அருகே ஒரு புத்த மடத்தில் அவரை விட்டுவிட்டு வந்தோம் என்றும் கூடப் போய்த் திரும்பிய ஒருவர் வந்து சொன்னார். அவ்வளவுதான் செய்தி.

மடத்தில் விட்டதாகத்தானே சொன்னான், செத்ததாகச் சொல்லவில்லையே என்று பாட்டி பிடித்த பிடியை விடவில்லை. 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. 50, 100 கியாட் நோட்டுகளையும் செல்லாது என்று அறிவித்தது. உறவுக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறினார்கள். பாட்டி அசையவில்லை. “வந்தால் இந்த வீட்டுக்குத்தானே வருவான்?” நாங்கள் இன்றும் பர்மாவில் இருப்பதற்குக் காரணம் இதுதான். பாட்டி கண்ணை மூடிய பிறகுதான் மாமாவுக்குத் திதி கொடுக்கத் தொடங்கினோம். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு உரிய மகாளய அமாவாசையில்.

ஆண்டுதோறும் ஜனவரி 23 அன்று நேதாஜி படத்துக்கு மாலை போட்டு விழா எடுக்கிறார்கள். நானும் போய்வந்திருக்கிறேன். வாழ்க கோஷம், நீண்ட பேச்சு, பொட்டலம் சாப்பாடு. பிரிட்டிஷார் நடத்திய செங்கோட்டை வழக்கில் நின்ற ஐ.என்.ஏ. அதிகாரிகள் ஷா நவாஸ் கான், ஸேகல், தில்லான் ஆகியோரை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். நேதாஜி ரங்கூனை விட்டுப் புறப்பட்டபின் மிச்சப் படையை வைத்து நகரில் கொள்ளை நடக்காமல் காத்த மேஜர் ஜெனரல் லோகநாதன் நம்மவர். அவர் பெயரைக்கூட மேடையில் கேட்டதில்லை. அப்படியிருக்கச் சாதாரணச் சிப்பாயை யார் நினைக்கப் போகிறார்கள்? பேச்சாளர்களில் இருவரைக் குறைத்துக்கொண்டு அந்த நேரத்தில் பெயர்களைப் படியுங்கள் என்று விழாக் குழுவினரிடம் சொன்னேன். பட்டியல் எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஆகவே தங்களிடம் வருகிறேன். பட்டியலைத் தங்கள் இதழ்தான் தொடங்க வேண்டும். மாதம் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், செய்த தொழில், வீட்டில் பேசிக்கொள்ளும் ஏதாவது ஒரு சங்கதி, இவ்வளவு போதும். தட்டோன், மோல்மேன், தன்லின் பக்கத்து வீடுகளில் இன்னும் நினைவு தப்பாத பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்பும் வேலையைப் பேரப்பிள்ளைகள் செய்யட்டும். கவிதை வேண்டாம், தயவுசெய்து. மாமாவைப் பற்றிய குறிப்பையும் நோட்டின் இரண்டு பக்க நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று. பிரிட்டிஷ் படையில் இருந்து இறந்த நம் பையன்களையும் அதே பக்கத்தில் சேர்க்க வேண்டும். ஒரே குடும்பத்தில் அண்ணன் அந்தப் பக்கமும் தம்பி இந்தப் பக்கமுமாக நின்ற வீடு எங்கள் தெருவிலேயே உண்டு. இதற்கு ஆட்சேபம் தெரிவித்து யாராவது எழுதினால் அதையும் வெளியிடுங்கள். பதில் எழுத நான் தயார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தாமுவே, யாங்கோன்