போலி போலீஸுக்கு 90 நாள்

அன்புள்ள செல்வா,

கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் போன மாதம் டிரைவிங் லைசென்ஸ் வாங்கிவிட்டாள், அதிலிருந்து வீட்டில் அவளைத் தவிர யாருக்கும் நிம்மதி இல்லை.

வீடியோ காலில் போலீஸாக நடித்து, டிஜிட்டல் அரெஸ்ட் என்று சொல்லிப் பணம் பறித்த கேஸ்கள் வக்கீலான உன்னிடம் வரிசையாக வருவதாக எழுதிவிட்டு, அமெரிக்காவில் போலி போலீஸுக்கு என்ன தண்டனை என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் சொல்ல முடியாதுடா. மத்திய அரசு அதிகாரி என்று நடித்தால் நாடு முழுக்க ஒரே சட்டம், மூன்று வருஷம் வரை உள்ளே போகலாம். உள்ளூர் போலீஸ் வேஷம் என்றால் அந்தந்த மாநிலம் வைத்ததுதான் சட்டம். டெக்சாஸில் 2 முதல் 10 வருஷம். ஃபுளோரிடாவில் 5 வருஷம் வரை, அந்த வேஷத்தோடு வேறு பெரிய குற்றமும் செய்தால் 15. நியூஜெர்சியில் ஒன்றரை வருஷம் வரை. நான் இருக்கிற மினசோட்டாவில் வெறும் வேஷத்துக்கு 90 நாளும் 1,000 டாலர் அபராதமும்தான் அதிகபட்சம். போலீஸ் மாதிரி யாருக்காவது உத்தரவு போட்டாலோ, காரில் போலீஸ் விளக்கைச் சுழலவிட்டாலோ ஒரு படி ஏறும், அதுவும் ஒரு வருஷத்தைத் தொடாது.

இன்னொரு பக்கத்தையும் பார். இதே மினசோட்டாவில் நிஜ போலீஸ் நிறுத்தச் சொல்லி நீ காரை ஓட்டிக்கொண்டு தப்பிப் போனால் மூன்று வருஷமும் ஒரு நாளும் வரை. அதாவது நிற்காமல் போனவனுக்கு வருஷக் கணக்கு, போலீஸ் என்று ஏமாற்றி நிறுத்தியவனுக்கு மாதக் கணக்கு. வந்தவன் நிஜமா போலியா என்று நடுரோட்டில் கண்டுபிடிக்க வேண்டிய வேலை மட்டும் நம் தலையில்.

இதெல்லாம் முன்பு என் மண்டையில் ஏறியதே இல்லை. 2025 ஜூன் 14 அதிகாலையில் நடந்ததை நீயும் பேப்பரில் படித்திருப்பாய். போலீஸ் உடையும் முகத்தில் ரப்பர் மாதிரி ஒரு மாஸ்க்குமாக ஒருத்தன் இங்கே பக்கத்தில் சாம்ப்ளினில் மாநில செனட்டர் ஜான் ஹாஃப்மன் வீட்டுக் கதவைத் தட்டி அவரையும் மனைவியையும் சுட்டான். அவர்கள் பிழைத்தது பெரிய விஷயம். பிறகு புரூக்ளின் பார்க்கில் மெலிசா ஹார்ட்மனையும் கணவரையும் சுட்டுக் கொன்றுவிட்டான். அவர் மாநில சட்டமன்றத்தில் சபாநாயகராக இருந்தவர். நடுவில் எங்கள் மேப்பிள் குரோவுக்கும் வந்து, ஊரில் இல்லாத ஓர் எம்எல்ஏ வீட்டு மணியை அடித்து, போலீஸ், கதவைத் திற என்று கத்தியிருக்கிறான். அவன் வந்த கறுப்பு எஸ்யூவியில் போலீஸ் விளக்குகள், நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் 'போலீஸ்' என்ற எழுத்து.

என்னைத் தூங்கவிடாத விஷயம் அடுத்ததுதான். நியூ ஹோப்பில் இன்னொரு செனட்டர் பத்திரமாக இருக்கிறாரா என்று பார்க்கப் போன ஒரு நிஜப் போலீஸ்காரர், தெருவில் நின்ற அந்த எஸ்யூவியைப் பார்த்து, நம்மாள் ஒருத்தர் முன்னாலேயே வந்துவிட்டார் போல என்று நினைத்திருக்கிறார். பக்கத்தில் வண்டியை நிறுத்திப் பேச்சும் கொடுத்திருக்கிறார். உள்ளே இருந்தவன் பதில் சொல்லவில்லை, நேரே முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தானாம். இவரும் நகர்ந்து போய்விட்டார். யூனிஃபார்ம் போட்டவருக்கே அடையாளம் தெரியவில்லை என்றால் பதினாறு வயதுப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்குப் போலீஸே ஜனங்களுக்குச் சொன்னது என்ன தெரியுமா, தனியாக ஒரு போலீஸ்காரர் வந்து தட்டினால் கதவைத் திறக்காதீர்கள், அவசர எண் 911-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று. அப்புறம் பிடிபட்டவன் மேல் கொலைக் குற்றச்சாட்டுகளோடு போலீஸ் வேஷம் போட்டதையும் சேர்த்தார்கள். சேர்த்து என்ன.

மகளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது இதுதான். பின்னால் விளக்கு சுழன்றால் வேகத்தைக் குறை, நாலு விளக்கையும் மினுக்கவிடு, நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியட்டும். இருட்டான ரோடு என்றால் 911-க்குப் போட்டு, இந்த இடத்தில் என்னை நிறுத்துகிறார்கள், உங்கள் ஆள்தானா என்று கேள், வெளிச்சமான பெட்ரோல் பங்க் வரும்வரை மெதுவாகப் போ, லைனை வைக்காதே. அவள் உடனே, அதற்குள் அவர் நான் ஓடுகிறேன் என்று நினைத்தால் என்றாள். அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. சட்டத்திடமும் இல்லை.

வக்கீலுக்கு ஒரு சுவையான கேஸ். வர்ஜீனியாவில் வேகமாகப் போய் மாட்டிக்கொண்ட ஒருவர், டிக்கெட்டிலிருந்து தப்பிக்க, நானும் ஷெரீஃப் ஆபீஸில், அதாவது மாவட்டப் போலீஸில்தான் வேலை பார்க்கிறேன் என்று அடித்துவிட்டார். முன்பு பார்த்தவர்தான், அப்போது இல்லை. கேஸ் போட்டதும், பொய் சொல்வதும் பேச்சுரிமைதான், இந்தச் சட்டப்படி பார்ட்டிக்குப் போலீஸ் வேஷம் கட்டிப் போகிறவனும் குற்றவாளியாகிவிடுவான் என்று அப்பீலுக்குப் போனார். ராணுவப் பதக்கம் வாங்கியதாகப் பொய் சொல்வதைக் குற்றமாக்கிய சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2012-இல் ரத்து செய்தது, இவருடைய அப்பீல் முடிவானதும் அதே வருஷம்தான். ஆனாலும் அப்பீல் கோர்ட் இவர் வாதத்தை ஒப்புக்கொள்ளவில்லை. சரியான தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன். பதக்கப் பொய்யை நம்பி யாரும் கார் கதவைத் திறக்கப் போவதில்லை.

சிகாகோ கதையையும் சொல்லிவிடுகிறேன். 2009-இல் 14 வயதுப் பையன் ஒருவன் யூனிஃபார்மோடு ஸ்டேஷனுக்குப் போய், இன்றைக்கு எனக்கு இங்கே டியூட்டி என்று சொல்லி, நிஜப் போலீஸோடு சுமார் ஐந்து மணி நேரம் ரோந்து போனான். சட்டையில் நட்சத்திர பேட்ஜ் இல்லையே என்று கடைசியில்தான் ஒருவருக்கு உறைத்திருக்கிறது!

இப்போது புதுத் தலைவலி, குடியேற்றத் துறை ஆட்கள் முகமூடியோடு, பெயர்ப் பட்டை இல்லாமல், சாதா காரில் வந்து ஆட்களைப் பிடிப்பது. தென் கரோலினாவில் 2025 ஜனவரியிலேயே ஒருத்தன் அந்தத் துறை ஆள் மாதிரி நடித்து ஒரு வண்டியை மறித்துச் சாவியைப் பிடுங்கிக் கைதானான். நிஜ ஆளே முகத்தையும் பெயரையும் மறைத்தால் போலிக்கு என்ன கஷ்டம்? கலிஃபோர்னியா அந்த செப்டம்பரில் இரண்டு சட்டம் போட்டது, ஒன்று முகமூடி கூடாது என்று, மற்றது பெயரோ பேட்ஜ் நம்பரோ தெரிய வேண்டும் என்று. மத்திய அரசு எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போய்விட்டது. என்னைக் கேட்டால், போலிக்கு எத்தனை வருஷம் என்பதைவிட இந்த இரண்டாவது சட்டம் மாதிரி ஒன்றுதான் எங்களுக்கு உபயோகம்.

உங்கள் புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், அரசு ஊழியர் என்று நடிப்பதற்கான 204-ஆம் பிரிவுக்குக் குறைந்தது ஆறு மாதம் என்று வைத்திருக்கிறார்களே, வீடியோ காலில் காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்தவன் மேல் அது நிற்கிறதா, இல்லை மோசடிப் பிரிவோடு விட்டுவிடுகிறார்களா? அடுத்த கடிதத்தில் எழுது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி