டிஷ் பொக்ஸைக் கழட்டுற பெடியங்களக் கள்ளர் எண்டு சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன கிழமை உங்கட பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தார், திருமலைப் பக்கம் பெடியங்கள் பழைய டிஷ் பொக்ஸ் வாங்கிக் கழட்டி நோண்டுறாங்களாம், எல்லாம் களவாச் சனல் பாக்கிறதுக்காம், பொலிஸ் கவனிக்க வேணுமாம். அத வாசிச்ச நேரத்தில இருந்து மனசு கேக்கல்ல. நான் இங்க ரிவி, ரிசீவர் திருத்துற ஆள், கடைக்கு வந்து என்னட்டக் கேள்வி கேக்கிற பெடியங்கள எனக்குத் தெரியும். அவங்கள்ல கன பேர் கேக்கிறது ஓசிச் சனல் இல்ல, "அண்ணை, சனல்ட பேர் வடிவா வருது, படம் மட்டும் வராம ஸ்க்ராம்பிள்ட், அதான் பூட்டிக் கிடக்கு எண்டு வருது, அது ஏன்?" எண்டுதான்.

எவ்வளவு நல்ல கேள்வி அது. வானத்தில இருந்து வாற டிஜிட்டல் சிக்னல் 188 பைட், 188 பைட்டா வெட்டின பொதிகளா வருது, ஒவ்வொரு பொதிக்கும் முன்னுக்கு 4 பைட்டில ஒரு தலைப்பு, அதில முதல் பைட் எப்பவும் ஹெக்ஸ் எண்ட 16ஐ அடியாக் கொண்ட கணக்கில 47. இந்தத் தலைப்ப ஆரும் பூட்டுறதில்ல, உள்ளுக்க இருக்கிற படத்தையும் சத்தத்தையும்தான் பூட்டுறது. ஒட்டின கடிதத்தில விலாசம் வெளியால தெரியிற மாதிரி. சனல் பேர் வாற பட்டியலும் பூட்டில்லாமத்தான் வரும், அதாலதான் பேர் தெரியுது படம் தெரியல்ல. டிவிபி எண்ட டிஜிட்டல் ரிவி முறையில பூட்டுக்குரிய திறப்பு 64 பிட், அது வழமையா ஒரு 10 செக்கனுக்கு ஒருக்கா மாறிக்கொண்டே இருக்கும், அந்தத் திறப்பும் சும்மா வாறதில்ல, அதுவும் வேற பூட்டுக்குள்ளதான் வரும், காசு கட்டின ஆள்ட கார்ட்டுக்குள்ள இருக்கிற சிப்தான் அத எடுத்து பொக்ஸுக்குக் குடுக்குது. இத விளங்கின பெடியன் களவெடுக்கப் பழகல்ல, பேங்க் கார்ட் எப்பிடி வேலை செய்யுது எண்டதிலயும் அரைவாசி விளங்கிட்டான்.

இப்பிடி நோண்டிப் பழகுறது உலகத்தில புதுசும் இல்ல. 1980கள்ல அமெரிக்காவில கேபிள்காரர் அனலொக் சிக்னல்ல ஒவ்வொரு வரிக்கும் முன்னுக்கு வாற சிங் துடிப்ப அமத்தி விட்டாங்க, ரிவிக்கு வரி எங்க தொடங்குது எண்டு தெரியாமப் படம் சரிஞ்சு கிழிஞ்சு போகும். அந்த நாட்டு எலக்ரோனிக்ஸ் சஞ்சிகையள் இது எப்பிடி நடக்குது எண்டு சேர்க்கிட் படத்தோட எழுதினது, வாசிச்சு வாசிச்சுத்தான் ஆக்கள் பழகினாங்க. 1986 ஜனவரில அங்க காசுக்குப் படம் காட்டுற எச்பிஓ எண்ட சனல் தன்ட சட்டலைட் சிக்னலப் பூட்டின நேரம் வீடியோசைஃபர் 2 எண்ட முறையில சத்தத்த டிஜிட்டலாக்கி டெஸ் எண்ட குறியீட்டால பூட்டினாங்க, படத்தப் பழைய மாதிரிச் சும்மா குழப்பி விட்டாங்க, அதால படம் லேசா வந்துது, சத்தம்தான் கஷ்டம். இந்த வித்தியாசத்த ஒரு ஏஎல் பெடியனுக்குச் சொன்னா குழப்புறது வேற, பூட்டுறது வேற எண்டு ஒரு நிமிசத்தில பிடிச்சிடுவான்.

எங்கட பெடியங்களுக்கு இத எங்க வாசிக்கிறது? எனக்குத் தெரிஞ்சு தமிழில ஒண்டும் இல்ல, அதுதான் என்ட கவலை. ஆனா பழகுறதுக்குப் பூட்டின சனலே தேவையில்ல. இந்தியாவின்ட டிடி ஃப்ரீ டிஷ் சனலுகள் 93.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு மேல நிக்கிற சட்டலைட்டில இருந்து காசில்லாம வருது, இங்க இருந்து பாத்தா தென்கிழக்கில கடல் பக்கம், நல்லா அண்ணாந்து பாக்க வேணும், 70 பாகைக்கு மேல. டிஷ்ஷுக்கு முன்னால நிக்கிற எல்என்பி எண்ட சின்னப் பெட்டி 11,090 மெகாஹெர்ட்ஸில வாறதில 9,750 கழிச்சு 1,340 ஆக்கி வயருக்குள்ள அனுப்புது, ஓஎல் படிக்கிற பிள்ளை செய்யக்கூடிய கழித்தல் அது. ரிசீவர்ட பின்னால எல்என்பிக்குப் போற முனையில மல்டிமீட்டர வச்சுப்போட்டு வெர்ட்டிகல், அதான் நிமிர்ந்த அலையில வாற சனல்ல இருந்து ஹொரிசொன்டல், அதான் படுத்த அலையில வாற சனலுக்கு மாத்தச் சொல்லுவன், 13 வோல்ட்டில நிண்ட முள்ளு 18க்குத் துள்ளும், எந்த அலைய எடுக்கிறது எண்டு எல்என்பிக்குச் சொல்லுறது அந்த வோல்ட்தான். அந்த நேரம் பெடியங்கள்ட முகத்தப் பாக்க வேணும், இவ்வளவு நாளும் ரிமோட்ட அமத்தினாங்க, இப்பதான் அமத்தினா கூரைக்கு மேல என்ன நடக்குது எண்டு தெரியுது.

ஒரு விசயம் மட்டும் கண்டிப்பாச் சொல்லுவன், பவர் சப்ளைப் பக்கம் கை வைக்காதீங்க, வயரக் கழட்டின பிறகும் கரண்டச் சேத்து வைக்கிற பெரிய கப்பாசிட்டருக்குள்ள 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம். தெரிஞ்ச ஆள் பக்கத்தில இல்லாம மூடியத் திறக்க வேண்டாம்.

களவுப் பொக்ஸ் விக்கிற ஆக்கள் இல்ல எண்டு நான் சொல்லல்ல, இருக்கிறாங்க, ஒரு வருசத்துக்கு எல்லாச் சனலும் எண்டு காச வாங்குவாங்க, இன்ரநெட்டில திறப்பக் களவா அனுப்புற சேர்வர் நிண்டா படமும் நிண்டிடும், ஃபோனும் எடுக்க மாட்டாங்க. அது சட்டவிரோதம், அதில எனக்கு ரெண்டு கதை இல்ல. ஆனா அதில ஏமாந்து போறது உள்ளுக்க என்ன நடக்குது எண்டு தெரியாத ஆக்கள்தான். கழட்டிப் பாத்த பெடியன் அந்தப் பொக்ஸ வாங்க மாட்டான், வீட்டிலயும் வாங்க விட மாட்டான்.

ஆனபடியா ஆசிரியர் ஐயாட்ட ஒரு வேண்டுகோள். உங்கட மாணவர் பக்கத்தில கிழமைக்கு ஒருக்கா அரைப் பக்கம் இதுக்குத் தாங்கோ, டிஷ், எல்என்பி, பொக்ஸ், பூட்டு எண்டு ஒவ்வொண்டா, ஒண்டு முடிய மற்றது. எழுதத் தெரிஞ்ச ஆசிரியர்மார் இங்க இருக்கிறாங்க, கேட்டா எழுதுவாங்க. திருமலையில ஏதாவது பள்ளிக்கூடமோ நூலகமோ சனிக்கிழமையில ஒரு மேசையும் ஒரு பிளக்கும் தந்தா நான் வந்து காட்டித் தரத் தயார், கடையில கிடக்கிற பழுதான பொக்ஸ், துருப்பிடிச்ச எல்என்பி, வயர் எல்லாத்தையும் கொண்டு வந்து தாறன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ரிவி திருத்துநர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.