வெடித்த குண்டுகளின் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனிப்போர் குறித்துத் தங்கள் இதழ் சென்ற வாரம் வெளியிட்ட சிறப்புக் கட்டுரையில், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் "நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பகைத்திருந்தும் ஓர் அணுகுண்டையும் வெடிக்காமல் உலகைக் காத்தன" என்றொரு வரி வந்திருக்கிறது. அச்சுப்பிழையாக இருக்கும் என்று நல்லெண்ணத்தோடு மீண்டும் படித்தேன். கடைசிப் பத்தியிலும் அதே கருத்து, இன்னும் உறுதியாக இருந்தது.

1949 முதல் 1989 வரை கசக்ஸ்தானின் செமிபலாட்டின்ஸ்க் சோதனைத் திடலில் மட்டும் சோவியத் ஒன்றியம் 456 சோதனைகளை நடத்தியது தாங்கள் அறியாததல்ல. பசிபிக் பெருங்கடலின் மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா நடத்தியவை 67. அவற்றுள் ஒன்று, 1954 மார்ச் 1 அன்று பிகினியில் வெடித்தது, ஹிரோஷிமாவை அழித்த குண்டைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலியது. ரோங்கெலாப் தீவில் வானத்திலிருந்து உதிர்ந்த வெண்சாம்பலில் குழந்தைகள் விளையாடினார்கள். தீவினரை அப்புறப்படுத்த இரண்டு நாள் ஆயிற்று. அந்தக் கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் வானொலி இயக்குநர் அய்கிச்சி குபோயாமா அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். அந்த ஏப்ரலில் நேரு நாடாளுமன்றத்தில் எழுந்து இத்தகைய சோதனைகளை நிறுத்திவைக்கக் கேட்டுக்கொண்டதும் வெடிக்காத குண்டுகளைக் குறித்துத்தான் போலும்.

வல்லரசுகள் ஒன்றன்மேல் ஒன்று குண்டு வீசவில்லை என்பது உண்மையே. ஒன்று தன் சொந்தக் குடிமக்களின் தலைமாட்டிலும், மற்றொன்று ஐ.நா. தன் பொறுப்பில் ஒப்படைத்திருந்த தீவினரின் வாசலிலும் வெடித்துப் பார்த்துக்கொண்டன. இதற்கு 'உலகைக் காத்தன' என்று பெயர் சூட்டத் தங்கள் கட்டுரையாளருக்கு மனம் வந்திருக்கிறது.

இது முதல் முறையுமல்ல. முன்பொருமுறை, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுத்தப்பட்டதால் 1962-இல் மூண்ட நெருக்கடி பற்றி எழுதுகையில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மனத்திண்மையை இரண்டு பக்கம் வியந்த தாங்கள், துருக்கியில் நிறுத்தியிருந்த தம் ஏவுகணைகளை விலக்கிக்கொள்வதாக அவர் இரகசியமாக ஒப்புக்கொண்டதற்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. 1962 அக்டோபர் 27 அன்று கியூபாவுக்கு அருகே சோவியத் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் அணுவாயுத டார்பிடோவை ஏவ இணங்காத கடற்படை அதிகாரி வசீலி அர்கீப்பவின் பெயரும் இல்லை. அதைக் குறித்து நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை. அட்டைப்படம் அருமை என்ற பாராட்டுகள் அந்த வாரம் நிறைய வந்திருந்தபடியால் இடம் போதாமல் போயிருக்கும்.

எப்பக்கமும் சேராத இந்தியா இந்தப் பகையால் "பாதிக்கப்படாமல் ஒதுங்கி நின்றது" என்றும் கட்டுரை சொல்கிறது. 1966-இல் ரேஷன் கடை வரிசையில் என் தாயாரோடு நின்ற சிறுவன் நான். வேளாண் கொள்கையை மாற்றச் சொல்லி நெருக்கிய அமெரிக்க அதிபர் ஜான்சன், வியட்நாம் போரை இந்தியா கண்டித்த எரிச்சலும் சேர்ந்துகொள்ள, கோதுமைக் கப்பல்களுக்கு அனுமதி தருவதை இழுத்தடித்துக்கொண்டிருந்த காலம் அது. கோதுமை வராத வாரங்களில் எங்கள் வீட்டில் ஒதுங்கி நின்றது அடுப்புதான். 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலுக்குள் வந்ததும், அதைத் தொடர்ந்து சோவியத் கப்பல்கள் வந்ததும் தங்கள் இதழின் பழைய தொகுப்புகளிலேயே இருக்கும்; எடுத்துப் பார்க்க நேரமிருந்தால்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தங்கள் கட்டுரைகளைக் கத்தரித்து ஒட்டிவைத்துக்கொள்வதை எங்கள் ஊர் நூலகத்தில் அன்றாடம் பார்க்கிறேன். ஆகவே, அடுத்த இதழில் ஏதேனும் ஒரு மூலையில், 'ஓர் அணுகுண்டையும் வெடிக்காமல்' என்பதை 'ஒன்றன்மேல் ஒன்று அணுகுண்டு வீசாமல்' என்று திருத்திப் படிக்கவும் என்று ஒரு வரி வெளியிட வேண்டுகிறேன். 'உலகைக் காத்தன' என்பதை என்ன செய்வது என்பதைத் தங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
விருதுநகர்.